எங்கே நிற்கிறது அந்தச் செல்?

வியர்வைச் சுரப்பியில் தோன்றும் புற்றுநோய் தன் சொந்தப் பெயரோடு எங்கள் ஆய்வகத்துக்கு வருவதில்லை. ஃபார்மலின் டப்பாவோடு வரும் படிவத்தில் ‘மரு’ என்றிருக்கும். ‘கால் ஆணி’, ‘கொழுப்புக்கட்டி’, ‘ஆறாத புண்’, ‘விரல் நுனியில் நீர்க்கட்டி’ என்றும் இருக்கும். எழுதி அனுப்பிய மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கட்டிகள் அவ்வளவு அரிதானவை. வெளியிலிருந்து பார்த்து இன்னதென்று சொல்லிவிடக்கூடிய அடையாளமும் இவற்றுக்குக் கிடையாது. இவற்றில் ஓரளவு அதிகம் பேசப்படும் போரோகார்சினோமாகூடத் தோலில் வரும் கட்டிகளில் 0.01 சதவீதத்தைத் தாண்டாது என்றுதான் நூல்கள் குறிப்பிடுகின்றன. ஒரு தோல் மருத்துவர் தன் பணிக்காலம் முழுவதிலும் ஒன்றிரண்டைப் பார்க்கலாம், பார்க்காமலே ஓய்வும் பெறலாம். பல ஊர்களிலிருந்து சதை வந்து சேரும் பேத்தாலஜி ஆய்வகத்தில், மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கண்ணில்தான் இவை மீண்டும் மீண்டும் படுகின்றன. நான் அப்படி உட்கார்ந்திருப்பவள். தோல் நோய்க்குறியியல் என் வேலை.

ஸ்லைடில் புற்றை அடையாளம் காணக் கற்கும் ஒவ்வொரு மாணவரும் முதலில் படிப்பது செல்லின் முகத்தை. உட்கரு பெரிதாகிக் கறுத்திருக்கிறதா, அதன் ஓரம் கோணலாகிவிட்டதா, செல் பிரிதல் தாறுமாறாக நடக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் புற்று; எல்லாச் செல்லும் ஒரே அளவில் அடக்கமாக இருந்தால் சாதுக் கட்டி. பல உறுப்புகளில் இந்தப் பாடம் கைகொடுக்கும். வியர்வைச் சுரப்பியிடம் வந்தால் கைவிட்டுவிடும். பரம சாதுவாகத் தெரிகிற செல் நரம்பைப் பிடித்துக்கொண்டு கன்னத்திலிருந்து கண்குழிவரை போயிருக்கும். ஒழுங்கான நாளங்களும் மடிப்புகளுமாகக் கண்ணுக்கு இதமாக இருந்த விரல் கட்டி, சில வருடம் கழித்து நுரையீரலில் முளைத்திருக்கும். இத்தனை கால வேலையில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. இந்தப் புற்றுகளில் செல் எப்படி இருக்கிறது என்பதைவிட, எங்கே நிற்கிறது என்பதுதான் அது எந்த வழியில் பரவும் என்பதைச் சொல்கிறது. நான் எழுதும் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

இடம் என்றால் எந்த இடம்? அதற்குச் சுரப்பியின் அமைப்பு தெரிய வேண்டும். நம் உடம்பில் 20 முதல் 40 லட்சம் எக்ரைன் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் அடர்த்தி மிக அதிகம்: ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு. சுரக்கும் பகுதி, உள்தோல் முடிந்து கொழுப்பு தொடங்கும் ஆழத்தில் சுருண்டு கிடக்கிறது. அங்கிருந்து ஒரு மெல்லிய நாளம் உள்தோலைக் கடந்து நேரே ஏறுகிறது. மேல்தோலுக்குள் நுழைந்ததும் திருகித் திருகி மேலே போய்த் திறக்கிறது. அபோக்ரைன் என்ற இன்னொரு வகை அக்குளிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் இருக்கிறது. இதன் நாளம் மயிர்க்காலின் குழிக்குள் திறக்கும். இமையோரத்தில் இருக்கும் மோல் சுரப்பியும், காதுக் குழாயில் குறும்பி உருவாகக் காரணமான சுரப்பியும் இதே குடும்பம். தாயின் மார்பகமும் கருவளர்ச்சிக் கணக்கில் வியர்வைச் சுரப்பி மாறி வளர்ந்த வடிவம்தான். இந்த உறவு பின்னால் பெரிய சிக்கலாக வரும்.

சுருளில் உள்ளே சுரக்கும் செல்கள் ஓர் அடுக்கு. வெளியே மயோஎபிதீலியல் செல்கள் என்ற, சுருங்கி விரியும் இன்னோர் அடுக்கு. மேலே நாளத்திலும் இரண்டு அடுக்கு உண்டு. இவற்றைச் சுற்றி ஓர் அடித்தளச் சவ்வு. இந்த ஒழுங்கு கலையாதவரை கட்டி தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெளியடுக்கைத் தொலைத்துவிட்டு, துணையில்லாத ஒற்றை இழைகளாகச் செல்கள் உள்தோலின் நாருக்குள் இறங்கிவிட்டன என்றால், அவை எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் நான் நம்பமாட்டேன்.

ஸ்லைடு கைக்கு வந்ததும் அதை மைக்ராஸ்கோப்பில் வைப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பது என் வழக்கம். ஹெமடாக்ஸிலினும் இயோசினும் ஏறிய அந்தத் துண்டு மூன்று நான்கு மைக்ரான் கனம்தான். ஆனால் கட்டியின் மொத்த வடிவமும் வெறுங்கண்ணுக்கே தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒத்துப் போகிறதா? அடி விளிம்பு உருண்டையாக, சுற்றியுள்ள திசுவை ஒதுக்கிக்கொண்டு நிற்கிறதா, இல்லை கிழிந்த துணியாகக் கீழே தொங்குகிறதா? அடி விளிம்பே இல்லாமல், துண்டின் கடைசிவரை நீலம் ஓடுகிறதா? இந்த மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்றால், உயர் லென்ஸில் என்ன கண்டாலும் நல்ல செய்தி எழுத எனக்கு உரிமையில்லை.

புதிதாக வரும் பி.ஜி. மாணவர்கள் நேரே நாற்பது லென்ஸுக்குப் போய்விடுவார்கள். மேலுதட்டிலிருந்து வந்த ஒரு துண்டைப் பார்த்துக்கொண்டே ஒரு மாணவி கேட்டார்: “மேடம், ஒரு மைட்டோஸிஸ்கூட இல்லை. செல்லெல்லாம் சின்னதா, சீரா இருக்கு. சிரிங்கோமாதானே?”

“லென்ஸை இறக்கும்மா. கட்டி எங்கே முடியுது, காட்டு.”

அவர் ஸ்லைடைக் கீழே கீழே நகர்த்தினார். உள்தோல் முடிந்தது, கொழுப்பு வந்தது, உதட்டைக் குவிக்கும் தசையின் சிவந்த இழைகள் வந்தன. அந்த இழைகளுக்கு நடுவில் இரண்டு செல் அகலத்தில், நாளம் போன்ற அதே சின்ன அமைப்புகள். சிரிங்கோமா என்ற சாதுக் கட்டி ஒருபோதும் தசைவரை இறங்காது. மாணவி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை; தானே நரம்புகளைத் தேட ஆரம்பித்தார்.

அந்தக் கட்டியின் பெயர் மைக்ரோசிஸ்டிக் அட்னெக்ஸல் கார்சினோமா. 1982-இல் கோல்ட்ஸ்டீன், பார், சாண்டா குரூஸ் ஆகிய மூவர் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார்கள். முகத்தில், அதிலும் மேலுதட்டையும் மூக்கோரத்தையும் சுற்றி, தோலின் நிறத்திலேயே தடித்த ஒரு திட்டாக வரும். வலிக்காது. மெதுவாக, வருடக்கணக்கில் வளரும். சிலருக்கு முன்னொரு காலத்தில் அந்த இடத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்திருக்கும். ஸ்லைடின் மேல்பகுதியில் கெரட்டின் நிரம்பிய சிறு பைகள். அதற்குக் கீழே வால் முளைத்த குட்டி நாளங்கள். இன்னும் கீழே, கெட்டியான நாருக்கிடையே மெல்லிய இழைகள். ஆழம் போகப் போக அமைப்பு சிறுத்துக்கொண்டே வரும். மேல்பாதியை மட்டும் பார்த்தால் சாதுக் கட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவேதான் பிளேடால் மேலாகச் சீவி அனுப்பும் சதையை வைத்து இதை நிராகரிக்க முடியாது. சீவிய துண்டில் இருப்பது மேல்பாதி மட்டும்தான்.

இதன் வழி நரம்பு. ஸ்லைடில் குறுக்காக வெட்டுப்பட்ட நரம்பு, வெளிர் இளஞ்சிவப்பில் அலையலையான இழைகளோடு, மெல்லிய உறை போர்த்திய ஒரு வட்டமாகத் தெரியும். அந்த உறைக்கு உள்ளேயோ அதை ஒட்டியோ கட்டியின் செல்கள் பிறை வடிவில் வளைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் தற்செயலாக ஒரு செல்கூட்டம் கிடப்பதை நரம்புப் படையெடுப்பு என்று எழுதிவிடக் கூடாது. நரம்பின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கையாவது அவை வளைத்திருக்க வேண்டும், அல்லது உறையின் அடுக்குகளுக்குள்ளே புகுந்திருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் நரம்பைப் பழுப்பாகத் துலக்கிக் காட்டும் எஸ்-100 சாயத்தைக் கேட்பேன். இந்த உறை எதிர்ப்புக் குறைந்த ஒரு பாதை. நரம்பும் புற்றும் ஒன்றுக்கொன்று வேதிச் சைகை அனுப்பி இழுத்துக்கொள்கின்றன என்பதும் இப்போது தெரிந்திருக்கிறது. மேலுதட்டிலும் கன்னத்திலும் ஓடும் இன்ஃப்ராஆர்பிட்டல் நரம்பைப் பிடித்தால், கண்ணுக்குக் கீழே எலும்பில் இருக்கும் துளை வழியாகக் கண்குழியின் தரைக்கும், அங்கிருந்து மண்டையோட்டின் அடித்தளத்துக்கும் போக வழி இருக்கிறது. நோயாளி முதலில் சொல்வது “உதடு மரத்த மாதிரி இருக்கு” அல்லது “எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு” என்பதாக இருக்கும். அந்த ஒரு வாக்கியம் படிவத்தில் இருந்தால், நான் ஸ்லைடில் தேடும் முறையே மாறிவிடும்.

இந்தப் புற்று நிணநீர்க் கணுக்களுக்கோ தூர உறுப்புகளுக்கோ போவது மிக அரிது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் திட்டுக்கு அப்பால் சில சென்டிமீட்டர்வரை சத்தமில்லாமல் ஊடுருவியிருக்கும். வெட்டி எடுத்து வருடங்கள் கழித்துத் தழும்பின் ஓரத்தில் மீண்டும் எழும். ஆகவே இதற்கு மோஸ் முறை அறுவை பொருத்தமாக இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் மோஸ் 1930-களில் உருவாக்கிய முறை அது. எடுத்த துண்டின் அடிப்பரப்பையும் சுற்று விளிம்பையும் முழுவதுமாக மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்தப் பக்கம் புற்று மிச்சமிருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் மேலும் எடுத்துக்கொண்டே போவார்கள். வழக்கமான முறையில் நாங்கள் விளிம்பின் மிகச் சிறிய பங்கைத்தான் வெட்டிப் பார்க்கிறோம். இரண்டு செல் அகலத்தில் ஓடும் இழை அந்த இடைவெளியில் தப்பிவிடலாம்.

இரண்டாவது வழி நிணநீர் நாளம். அந்த வழியில் போவது போரோகார்சினோமா. நாளத்தின் மேல்பகுதியை ஒத்த செல்களால் ஆன போரோமா என்ற சாதுக் கட்டியை 1956-இல் கோல்ட்மன், பிங்கஸ், ரோகின் விவரித்தார்கள். உள்ளங்காலில் சிவந்து, ஈரமாக, லேசாகத் தொட்டாலே கசியும் சிறு கட்டி அது. 1963-இல் பிங்கஸும் மெஹ்ரெகனும் அதன் புற்று வடிவத்தை எழுதினார்கள். முதியவர்களுக்கு, பெரும்பாலும் காலில் வரும். தலையிலும் முகத்திலும்கூட வருவதுண்டு. சிலருக்கு நெடுங்காலமாக இருந்த போரோமாவே புற்றாக மாறுகிறது. “கால் ஆணின்னு விட்டுட்டேன் டாக்டர், இப்போ ரத்தம் வருது” என்று சொல்லும் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெகுநாள் சும்மா இருந்த ஒன்று திடீரென்று வளர்ந்தால், உடைந்தால், கசிந்தால், அதை உடனே எடுத்துச் சோதிக்க வேண்டும்.

ஸ்லைடில் மேல்தோலிலிருந்து அகன்ற தூண்களாகச் செல்கள் கீழிறங்கும். இது சாதாரண ஸ்குவாமஸ் புற்றாகத் தோன்றிவிடும் அபாயம் அதிகம். நான் தேடுவது சின்னஞ்சிறு துளைகளை: செல்லின் உடலுக்குள்ளேயே ஊசிமுனை அளவில் திறந்திருக்கும் நாள முயற்சிகள். சி.இ.ஏ., ஈ.எம்.ஏ. சாயங்களில் அந்தத் துளையின் உள்விளிம்பு ஒரு பழுப்பு வளையமாக மின்னும். 2019-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் போரோமாவிலும் போரோகார்சினோமாவிலும் ‘யாப்1’ மரபணு வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். அப்படி ஒட்டும் துணைகளில் ஒன்று ‘நட்எம்1’. அது இருக்கும் கட்டிகளில் ‘நட்’ சாயம் உட்கருவில் பிடிக்கும். பிடித்தால் பெயர் வைப்பதில் இருந்த தயக்கம் பெருமளவு தீர்ந்துவிடும்.

பெயருக்குப் பிறகு வருவதுதான் பெரிய வேலை: நிணநீர் நாளத்துக்குள் செல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஃபார்மலினில் திசு சுருங்கும்போது செல்கூட்டத்தைச் சுற்றி வெற்றிடம் உண்டாகும். அது பார்வைக்கு அச்சாக நாளம் போலவே இருக்கும். அவசரத்தில் பார்ப்பவர் ஏமாறும் இடம் இது. நான் அந்த வெற்றிடத்தின் சுவரைப் பார்ப்பேன். தட்டையான உட்சுவர்ச் செல்லின் உட்கரு ஒன்றாவது தெரிய வேண்டும். செல்கூட்டத்தின் வடிவமும் வெற்றிடத்தின் வடிவமும் கச்சிதமாகப் பொருந்தினால் அது பெரும்பாலும் சுருக்கத்தின் வேலை. பொருந்தாமல், கூட்டம் ஒரு பக்கம் சுவரில் ஒட்டி மிதந்தால் அது உண்மை. டி2-40 சாயம் நிணநீர் நாளத்தின் சுவரைக் கோடு போட்டுக் காட்டும். ரிப்போர்ட்டில் ‘உண்டு’, ‘இல்லை’ என்ற அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் இடுப்படி நெறிகட்டியை ஆராய்வதா வேண்டாமா என்று அறுவை மருத்துவர் யோசிப்பார். 2001-இல் ராப்சனும் உடன் பணியாற்றியவர்களும் 69 போரோகார்சினோமாக்களை ஆராய்ந்து எழுதினார்கள். தொடர்ந்து கவனிக்க முடிந்தவர்களில் சுமார் 17 சதவீதத்தினருக்கு அதே இடத்தில் திரும்ப வந்தது. 19 சதவீதத்தினருக்கு நிணநீர்க் கணுக்களுக்குப் போனது. 11 சதவீதத்தினருக்குத் தூர உறுப்புப் பரவலோ மரணமோ நேர்ந்தது. நாளப் படையெடுப்பு, மிகுதியான செல் பிரிதல், 7 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஆழம் ஆகிய மூன்றும் கெட்ட அறிகுறிகள் என்று அவர்கள் கண்டார்கள்.

இந்தப் புற்றுக்கு விசித்திரமான ஒரு பழக்கம் உண்டு. நிணநீர் நாளத்தில் இறங்கிய செல்கள் வழியில் மேலேறி, வேறோரிடத்து மேல்தோலுக்குள் மீண்டும் கூடு கட்டும். மூலக் கட்டியைச் சுற்றிச் சிறு சிறு முடிச்சுகளாகத் தோல் முழுக்கக் கிளம்பும். அந்த முடிச்சுகளில் ஒன்றை மட்டும் தனியே வெட்டிக் கொடுத்தால், அது அங்கேயே பிறந்த கட்டி போலத்தான் ஸ்லைடில் தெரியும். முதலில் தோன்றியது எது, பின்னால் வந்தது எது என்பதைச் சொல்ல நோயாளியின் கதை வேண்டும், படம் வேண்டும். ஸ்லைடு மட்டும் போதாது.

மூன்றாவது வழி ரத்தம். டிஜிட்டல் பாப்பிலரி அடினோகார்சினோமா என்ற கட்டி பெரும்பாலும் நடுவயது ஆண்களின் கைவிரலில் வருகிறது, கால்விரலிலும் வரலாம். வலியில்லாத நீர்க்கட்டி என்று நினைத்துத் திறந்து வடித்துவிடுவதும் நடக்கிறது. 1987-இல் காவோ, ஹெல்விக், கிரஹாம் மூவரும் வாஷிங்டனில் இருந்த ராணுவ நோய்க்குறியியல் நிறுவனத்தில் 57 நோயாளிகளைத் தொகுத்து இதை எழுதினார்கள். செல்கள் சாதுவாக இருந்தவற்றை அடினோமா என்றும், முரட்டுத்தனமாக இருந்தவற்றை அடினோகார்சினோமா என்றும் அவர்கள் பிரித்தார்கள். 2000-இல் டியூக், ஷெரட், லப்டன் மூவரும் அதே கட்டியை மறுபடி ஆராய்ந்தபோது அந்தப் பிரிவு நிற்கவில்லை. சாது என்று பெயர் வாங்கியவையும் பரவியிருந்தன. செல்லின் முகத்தை வைத்து எதிர்காலத்தைச் சொல்ல முடியாது என்று அவர்கள் எழுதினார்கள். அன்றிலிருந்து எல்லாமே புற்று என்றே அழைக்கப்படுகின்றன. என் துறையில் நான் மிகவும் மதிக்கும் திருத்தங்களில் இது ஒன்று. ஒரு பெயர் மாறியதால் விரல் கட்டி வந்தவர்கள் எல்லோருக்கும் மார்பு ஸ்கேனும் தொடர் கவனிப்பும் கிடைக்க வழி பிறந்தது.

இதில் ஸ்லைடு காட்டுவது, உள்தோலின் ஆழத்தில் பெரிய பைகள், அவற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்புகள், நடுவில் முதுகோடு முதுகு ஒட்டிய நாளங்கள். மேல்தோலோடு தொடர்பே இருக்காது. கட்டி எலும்பையும் தசைநாணையும் ஒட்டி நிற்கும், ஏனென்றால் விரலில் ஒதுங்க வேறு இடமில்லை. முழுமையாக மறுபடி வெட்டி எடுக்காவிட்டால் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அதே இடத்தில் திரும்ப வருவதாக 2000-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. பரவினால் நுரையீரலே முதல் இலக்கு, அதுவும் பல வருடம் கழித்து நேரலாம். 2022-இல் வெளியான ஆய்வு ஒன்று இந்தக் கட்டிகளில் எச்.பி.வி. 42 என்ற வைரஸைக் கண்டது. அதுவரை ஆபத்தில்லாத வகை என்று எண்ணப்பட்ட வைரஸ் அது. விரலின் வியர்வைச் சுரப்பிக்குள் அது புற்றை உண்டாக்குகிறது என்பது எங்களுக்கெல்லாம் எதிர்பாராத செய்தி.

விரலின் சிரை ரத்தம் இதயத்தைக் கடந்து முதலில் வடிகட்டப்படுவது நுரையீரலில். ஆகவே அங்கே செல் தங்குவது இயற்கை என்று சொல்லிவிடலாம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் ஜேம்ஸ் யூயிங் இப்படித்தான் வாதிட்டார். ரத்தம் போகும் போக்கில் செல் போகும் என்பது அவர் கருத்து. அவருக்கு முன்பே, 1889-இல், லண்டனின் ஸ்டீபன் பேஜட் வேறொன்று சொல்லியிருந்தார். மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அவர் எடுத்துக்கொண்டார். 241 பேருக்குக் கல்லீரலில் புற்று இருந்தது. மண்ணீரலில் இருந்தது 17 பேருக்கு மட்டும். மண்ணீரலுக்கும் தாராளமாகத்தான் ரத்தம் போகிறது. ஆகவே விதை எல்லாத் திசையிலும் விழுந்தாலும் ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். போரோகார்சினோமா செல்கள் நிணநீரிலிருந்து ஏறி மேல்தோலுக்கே திரும்பி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் வாதம் நினைவுக்கு வரும். நாளம் திருகியேறிய அதே மேல்தோல்தான் அவற்றுக்குப் பழகிய மண். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். எந்தக் கட்டிக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது எங்கள் வேலை.

ஸ்டீபனின் தந்தை ஜேம்ஸ் பேஜட். மார்க்காம்பில் ஆறாத புண்ணாகத் தொடங்கும் நோயை 1874-இல் விவரித்தவர் அவர்தான். மேல்தோலுக்குள் புற்றுச் செல்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் நோய் அது. அதே காட்சி பிறப்புறுப்புத் தோலிலும் வருவதை 1889-இல் கிராக்கர் எழுதினார். 1963-இல் பிங்கஸும் மெஹ்ரெகனும் தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே பேஜட் நோயைக் குறிப்பிட்டார்கள். மார்பகமும் வியர்வைச் சுரப்பியும் ஒரே வம்சம் என்பதால் நோய்களும் ஒரே சாயலில் வருகின்றன.

அந்தச் சாயல்தான் என் வேலையின் மிகக் கடினமான கேள்வியை எழுப்புகிறது: இந்தக் கட்டி இந்தத் தோலில் பிறந்ததா, வேறெங்கோ பிறந்து இங்கே வந்து சேர்ந்ததா? அக்குளில் ஒரு முடிச்சு. ஸ்லைடில் சுரப்பிப் புற்று. அது அக்குள் வியர்வைச் சுரப்பியினுடையதாக இருக்கலாம். மார்பகத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அக்குளில் மிச்சமிருக்கும் மார்பகத் திசுவில் பிறந்ததாகவும் இருக்கலாம். மார்பகப் புற்றைக் காட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, கேட்டா3 போன்ற சாயங்கள் வியர்வைச் சுரப்பிப் புற்றிலும் பிடிக்கும். அவற்றை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதுவது ஆபத்து. பி63, டி2-40 இரண்டும் கட்டியின் செல்களிலேயே நன்றாகப் பிடித்தால், தோலில் பிறந்தது என்ற பக்கம் தராசு சாயும். இமையில் வரும் மியூசினஸ் புற்று இன்னும் அழகிய சிக்கல். வெளிர்நீலச் சளித் தேக்கத்தில் செல் தீவுகள் மிதக்கும். மார்பகத்திலும் குடலிலும் இதே காட்சி உண்டு. அந்தத் தீவுகளின் ஓரத்தில் எங்காவது மயோஎபிதீலியல் அடுக்கு மிச்சமிருக்கிறதா என்று பிளாக்கை மேலும் மேலும் சீவச் சொல்லிப் பார்ப்பேன். ஒரே ஒரு நாளத்தில் அந்த அடுக்கு முழுதாகக் கிடைத்தால் போதும், இது இங்கேயே பிறந்தது என்று எழுதிவிடலாம். கிடைக்கவில்லையென்றால் “மார்பகம், குடல் பரிசோதனைக்குப் பின்னரே முடிவு செய்யவும்” என்று எழுதுவேன். அந்த வரியைப் படித்து எரிச்சலோடு போன் செய்யும் மருத்துவருக்குப் பொறுமையாகக் காரணம் சொல்வேன். தோலில் பிறந்த மியூசினஸ் புற்றுக்கு அந்த இடத்து அறுவை போதுமானதாக இருக்கலாம். வந்து சேர்ந்தது என்றால் சிகிச்சையே வேறு.

பரவிய வியர்வைச் சுரப்பிப் புற்றுக்கென்று தீர்மானமான மருந்து முறை இன்னும் வகுக்கப்படவில்லை. பெரிய ஒப்பீட்டு ஆய்வு நடத்தும் அளவுக்கு நோயாளிகள் ஓரிடத்தில் சேர்வதில்லை. கையிலிருக்கும் வலுவான ஆயுதம் முதல் அறுவைதான். அந்த அறுவை சரியாக அமைய ரிப்போர்ட் சரியாக அமைய வேண்டும். நான் எழுதும்போது கட்டியின் பெயரோடு நிறுத்துவதில்லை. எத்தனை மில்லிமீட்டர் ஆழம், எந்த அடுக்குவரை, நரம்பில் உண்டா, நாளத்தில் உண்டா, ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் எவ்வளவு தூரம் என்று எழுதுகிறேன். விளிம்பைப் பற்றி எழுத வேண்டுமென்றால், சதை வந்தவுடன் அதன் ஓரங்களில் மை தீட்டி, எந்த ஓரம் எந்தத் திசை என்று குறித்துக்கொண்டுதான் வெட்ட வேண்டும். அறுவை மருத்துவர் ஒரு மூலையில் தையல் நூல் ஒன்றை விட்டு அனுப்பினால் அந்தத் திசை எனக்குத் தெரியும். நூல் இல்லாத சதையில் ‘ஒரு விளிம்பில் புற்று இருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். முகத்தில் எந்தப் பக்கம் மறுபடி வெட்டுவது?

சதை எடுக்கும் மருத்துவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பவை சில. தடித்த திட்டாக இருந்தால் மேலாகச் சீவாதீர்கள், கொழுப்புவரை ஆழமாக எடுங்கள். எடுத்ததைச் சலைனில் போடாமல் உடனே 10 சதவீத ஃபார்மலினில், சதையைப் போலப் பத்து மடங்கு அளவில் போடுங்கள். மரத்துப்போகிறது, வேகமாக வளர்ந்தது, முன்பு ஒருமுறை எடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ‘சாதாரண மருதானே’ என்று எடுத்த எதையும் குப்பையில் போடாதீர்கள்.

நோயாளிகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஊர் மாறினாலும் மருத்துவமனை மாறினாலும், பாரஃபின் பிளாக் எந்த ஆய்வகத்தில் இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புற்றுகள் பத்து வருடம் கழித்தும் திரும்பலாம். அன்று நுரையீரலில் ஒரு புள்ளி தெரிந்தால், அது பழைய விரல் கட்டியின் தொடர்ச்சியா, புதிய நோயா என்பதைச் சொல்ல அந்தப் பழைய பிளாக் ஒன்றுதான் சாட்சி. 1987-இல் ஒருவிதமாகவும் 2000-இல் வேறுவிதமாகவும் படிக்கப்பட்ட அந்த விரல் கட்டிகளைப் பற்றி நாம் இன்று சரியாகப் பேச முடிகிறதென்றால், யாரோ ஸ்லைடுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததும், நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று விடாமல் விசாரித்ததும்தான் காரணம். நான் கையெழுத்திடும் ரிப்போர்ட்டையும் ஒருநாள் யாராவது அப்படித் திருத்த வேண்டியிருக்கலாம். திருத்த வேண்டியவருக்கு வேண்டிய எல்லாமும், ஆழமும் விளிம்பும் நரம்பும் நாளமும், அதில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு மில்லிமீட்டரைக்கூட விடாமல் அளந்து எழுதுகிறேன்.